பெயர் மாறிய குடிகள்

யாழ்ப்பாணத்தார் குடிமரபு பேசிச் சலித்தார் என்று எவரும் கூறார். மணப்பேச்சு எழுந்த மறுநாளே மூன்று தலைமுறை உறவுமுறைகள் முற்றத்திலே விரிக்கப்படுகின்றன. ஒருவர் காலமாகி 31ஆம் நாள் வருமுன்னரே, அவர்தம் முன்னோரையும் கிளைஞரையும் முறைப்படுத்திக் கூறும் கல்வெட்டு அச்சாகி வந்துவிடுகின்றது. குடிவரலாற்றிலே இத்துணை ஆர்வமுடைய நம்மிடையே ஒரு சாராரின் வரலாறு மட்டும் இரண்டு துண்டாகக் கிடக்கின்றது. கிறிஸ்தவ போதகர், உபதேசியார் ஆகியோரின் குடும்பங்களையே இங்குக் கருதுகின்றேன்.

அவ்வீடுகளில் அச்சிடப்படும் நினைவுமலர்களை எடுத்துப் பாருங்கள். முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற பாட்டனாரோடு அவை தொடங்கும். அவருக்குத் தந்தை யார், தாய் எந்த ஊர், உடன்பிறந்தோர் என்னவாயினர் என்பன அங்கே இரா. அப்பாட்டனாரின் உடன்பிறந்தார் வழியில் வந்த சைவக் குடும்பத்தாரின் கல்வெட்டை எடுத்துப் பாருங்கள். அங்கே நான்கு சகோதரரில் மூவர் பெயரே காணப்படும். நான்காமவர் சந்ததியற்று இறந்தவர்போல் விடப்பட்டிருப்பார். ஒரு வீட்டுக்கு அவரே முதல்வர். மற்றை வீட்டுக்கு அவர் இல்லாதவர். இரண்டும் குறைவரலாறுகள். ஒரு குடியின் கதை ஞானஸ்நானத் தொட்டியிலே பிறப்பதுமில்லை; அதிலே மூழ்கி மறைவதுமில்லை. இரு துண்டுகளையும் பொருத்தி எழுதுதலே முறை என்பதும், அதனை எழுதும் கடமை இரு சமயத்தார்க்கும் உரியதென்பதும் என் துணிபு.

இக்குறை யாழ்ப்பாணம் முழுவதற்கும் உரியதாயினும், தீவகத்திலே அதன் கூர்மை மிகுதி. நம் நாட்டிலே ஒருவரை அறிவது ஊரால். இன்ன ஊர், இன்ன குறிச்சி, இன்ன வளவு என்றால் ஆள் விளங்கிவிடுவார். போதகருக்கோ ஊர் நிலையன்று. வட்டுக்கோட்டையிலே கற்றவர் நெடுந்தீவுக்கு அனுப்பப்படுவார். அங்கே பிறந்த பிள்ளை புங்குடுதீவிலே நடக்கப் பழகும், வேலணையிலே எழுத்தறியும். தந்தை இறந்தபின் குடும்பம் தாயின் ஊருக்கு மீளும். நெடுந்தீவார் அவரை 'வந்த ஐயர்' என்பர். பிறந்த ஊராரோ 'போனவர்' என்பர். இவ்விரண்டு சொற்களுக்கும் இடையிலே ஒரு குடும்பத்தின் பூர்வீகம் தவறி வீழ்ந்துவிடுகின்றது.

இவ்விடர்ப்பாடு நமக்கே உரியதென்று எண்ணவேண்டாம். பெரிய பிரித்தானியாவின் மேற்கிலே வேல்ஸ் என்னும் மலைநாடு உண்டு. அந்நாட்டு நாட்டுப்புறங்களிலே, அரச திருச்சபையினின்றும் பிரிந்த சபையார் சிறு ஆலயங்கள் அமைத்து, தம் தாய்மொழியிலேயே வழிபாடு நடத்தினர். அவ்வாலயங்களின் போதகர் பலர் ஓர் ஊரினின்றும் மற்றோர் ஊருக்கு மாறிச் சென்றவர். அவர்கள் எழுதிய ஞானஸ்நானப் பதிவேடு ஆலயத்தின் உடைமையாகக் கருதப்படாது, போதகரின் உடைமையாகவே கருதப்பட்டமையும் உண்டு. அவர் போகுமிடத்துக்கு ஏடும் போயிற்று. வேல்ஸ் மக்களின் பழைய பெயர்முறையோ நம்முடையதை ஒத்தது. குடும்பப் பெயர் என்று ஒன்று நிலையாயிராது, 'ap' என்பதற்கு ஒப்பாக, இன்னாரின் மகன் இன்னார் என்றே வழங்கினர். பிற்காலத்திலே ஆங்கில முறைப்படி குடும்பப் பெயர் நிலைத்தபோது, ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ் என்னும் சில பெயர்களுக்குள்ளே நாடு முழுவதும் அடங்கிவிட்டது. ஆதலின் ஒரு ஜோன்ஸ் போதகரை மற்றொரு ஜோன்ஸ் போதகரினின்றும் பிரித்தறிதற்கு அவர் பண்ணையின் பெயரையும் ஊரின் பெயரையும் துணைக்கொள்ளவேண்டியதாயிற்று. எனினும் அந்நாட்டார் சோர்ந்திலர். சபைகளின் சஞ்சிகைகளிலே வெளிவந்த இரங்கற் குறிப்புக்களையும், கல்லறைக் கற்களையும், பதிவேடுகளையும் ஒப்புநோக்கித் தம் போதகரின் கால்வழியைத் தேடி வருகின்றனர். 1907இல் நிறுவப்பட்ட அவர்தம் தேசிய நூலகம் இத்தகைய தேட்டத்துக்குப் பெருந்துணையாக நிற்கின்றது.

நம்மவர்க்கு வேல்ஸ் நாட்டாரினும் ஒருபடி கூடிய சிக்கல் உண்டு. அவர்களுக்குப் பெயர் குறைந்தது. நமக்குப் பெயர் மாறியது. அதுவும் ஒருமுறையன்று, பன்முறை.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் தீவுகளுக்கே பெயர் மாற்றியவர்கள். நெடுந்தீவை டெல்வ்ற் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும், புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும், காரைதீவை அம்ஸ்ரடாம் என்றும், ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவை லைடன் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களால் அழைத்தனர். இவற்றுள் டெல்வ்ற் என்பது மட்டும் ஆங்கில வழக்கிலே இன்றும் நின்று நிலவுகின்றது. தீவுக்குப் பெயர் சூட்டியவர் அதில் வாழ்ந்த மனிதரை விடுவரோ? 1658 முதல் 1665 வரை இங்கே பணியாற்றிய பிலிப்பஸ் பல்டேயஸ் பாதிரியார், 1672இல் வெளியிட்ட தம் நூலிலே தீவகத்துத் தேவாலயங்களையும் பாடசாலைகளையும் பற்றிக் கூறுகின்றார். பிறப்பும் மணமும் திருச்சபையின் தோம்பிலே பதியப்பட்ட காலம் அது. உத்தியோகம் வேண்டியவர் ஞானஸ்நானப் பெயரும் உடையராயிருந்தனர். அக்காலத்து ஆவணங்களிலே தொன் என்னும் அடைமொழியோடும் பிலிப்பு முதலான பெயர்களோடும் காணப்படும் முதலிமார் பலரின் சந்ததியார், ஆங்கிலேயர் காலத்திலே நெற்றி நிறைந்த திருநீற்றோடு விளங்கினர். ஆகவே, தம் குடியிலே ஒருபோதும் கிறிஸ்தவப் பெயர் இருந்ததில்லை என்று சாதிக்கும் சைவர் தோம்பைக் கண்டால் வியப்புறுவர் என்பது திண்ணம்.

1816இல் அமெரிக்க மிஷனார் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினரியும், 1824இல் உடுவிலிலே பெண்பாடசாலையும் தொடங்கின. அமெரிக்காவிலுள்ள அன்பர் ஒருவர் ஒரு பிள்ளையின் கல்விச் செலவை ஏற்பின், அவர் விரும்பிய பெயர் அப்பிள்ளைக்கு இடப்பட்டது. இவ்வாறே ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, எவாட்ஸ் கனகசபைப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்னும் பெயர்கள் நம் இலக்கிய வரலாற்றிலே தோன்றின. இவர்கள் புகழ்பெற்ற புலமையாளராதலின் இரு பெயரும் இணைந்து நின்றன. 1886இல் ஆர்னல்ட் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம் தமிழ்ப் புலவர் நானூற்றுவருக்கு மேற்பட்டோரின் வரலாற்றைக் காத்துத் தந்த நூல். சைவப் புலவரையும் கிறிஸ்தவப் புலவரையும் ஒரே நிரலிலே வைத்துக் கூறிய அப்பெருந்தகையின் நெறி நமக்கு முன்மாதிரி ஆகத்தக்கது. ஆனால் தீவிலே திண்ணையிற் பிள்ளைகளைக் கூட்டி அரிவரி கற்பித்த ஓர் உபதேசியாருக்கு அவ்வாய்ப்பு ஏது? அவருடைய அமெரிக்கப் பெயர் மிஷன் அறிக்கையிலே இருக்கும். அவருடைய தமிழ்ப் பெயர் ஊராரின் வாயிலே இருக்கும். அமெரிக்க மிஷனாரின் பழைய கடிதங்கள் இன்று ஹார்வாட் சர்வகலாசாலையின் நூலகத்திலே பேணப்படுகின்றன. அங்கே ஒரு பெயரைக் கண்டெடுத்தாலும், அப்பெயருடையார் நம் ஊரில் எவர் என்று சொல்வதற்கு ஆளில்லையாயின் அதனால் யாது பயன்?

இனி, இரு துண்டுகளும் பொருந்திய ஓர் உதாரணத்தைத் தீவகத்தினின்றே காட்டுதல் தகும். தமிழுலகம் போற்றும் தனிநாயகம் அடிகள் 1913இல் ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பொன்னிலே பிறந்தவர். ஞானஸ்நானப் பெயர் சேவியர். தந்தையார் நெடுந்தீவைப் பூர்வீகமாகவுடையவர். நாகநாதன் என்னும் பெயரும் ஸ்தனிஸ்லாஸ் என்னும் பெயரும் அவர் வழியிலே உடனிருந்தன. ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் பின்னர் யாழ்ப்பாணத்திலும் கற்று, உரோமையிலே 1938இல் குருத்துவம் பெற்ற அடிகள், பின்னாளிலே தனிநாயகம் என்னும் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். அப்பெயர் வெறும் அழகுக்காக அமைந்ததன்று. நெடுந்தீவிலே குடியிருத்தப்பட்டவராக யாழ்ப்பாண வைபவமாலை கூறும் தலைவரின் பெயர் தனிநாயக முதலி என்பது. கத்தோலிக்க குருவானவர் ஒருவர் தம் தீவின் பழம்பெயரைத் தேடி எடுத்து அணிந்துகொண்டார். அதனால் அவருடைய சமயப்பற்றுக் குறைந்ததா? இல்லை. 1952இல் 'தமிழ்க் கலாசாரம்' என்னும் பொருள்பட ஆங்கிலத்திலே காலாண்டிதழ் தொடங்கி, 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைதற்கு முன்னின்று, 1966இல் கோலாலம்பூரிலே முதல் மாநாட்டை நடத்துவித்தவரின் தமிழ்ப்பணி, சேவியர் என்றும் தனிநாயகம் என்றும் இருந்த இரு பெயரின் கீழும் ஒன்றாகவே விளங்கிற்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். வைபவமாலை மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்திலே பாடல்களையும் கர்ணபரம்பரைச் செய்திகளையும் திரட்டி எழுதியது. அதிலே வரும் குடியேற்றத் தலைவர் பெயர்களைப் பட்டயச் சான்றுபோற் கொள்ளுதல் பொருந்தாது. தம் குடி இன்ன முதலியினின்று நேரே இறங்கியது என்று கூறுவோர் பலர். இடைப்பட்ட தலைமுறைகளை எண்ணச் சொன்னால் நான்காவதிலே தடுமாறுவர். வேர் தேடுதல் வேறு. விருது தேடுதல் வேறு. அறிந்த தலைமுறையினின்றும் ஒவ்வொன்றாக மேலேறிச் செல்பவனே வேரை அடைவான். மேலே ஒரு முதலியை நிறுத்திவிட்டுக் கீழ்நோக்கி ஏணி கட்டுபவன் தன் விருப்பத்தையே அடைவான்.

அங்ஙனம் மேலேறுதற்கு யாது துணை? பெண்வழியே சிறந்த துணை என்பேன். 1707இல் ஒல்லாந்தரால் எழுத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமை, சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. தாயின் சீதனம் மகளுக்குச் சீதனமாதல் அதன் பழைய போக்கு. வடபகுதித் தமிழர்க்குரிய இவ்வழமை சைவர், கிறிஸ்தவர் என்னும் பிரிவு பாராது. தேவாலயத்திலே தாலி கட்டிய பெண்ணுக்கும் கோயிலிலே தாலி கட்டிய பெண்ணுக்கும் ஒரே வகையாகவே சீதன உறுதி முடிக்கப்பட்டது. நம் ஊர்களிலே ஒவ்வொரு காணித்துண்டுக்கும் பெயர் உண்டு. உறுதியிலே அப்பெயரும், கிழக்கு வடக்கு மேற்கு தெற்கு எல்லைகளில் உள்ளார் பெயரும், இன்னார்க்கு இன்னார் வழியாக வந்தது என்னும் உரிமைத் தொடர்பும் எழுதப்பட்டிருக்கும். மனிதனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். காணிக்கு எவரும் கொடுத்ததில்லை. தனியேல் என்றும் சாமுவேல் என்றும் பெயர் மாறிய ஒருவரின் மனைவி பெற்ற சீதனக் காணி, அவள் பேத்தியின் உறுதியிலும் பழம்பெயரோடே நிற்கும். அதன் எல்லைக்காரராகக் குறிக்கப்பட்டவர் அவள் தமையனாராகவும், திருநீறணிந்த சைவராகவும் இருத்தல் கூடும். போதகரின் தந்தைவழி நெடுந்தீவின் கற்பயில் வேலிகளுக்குள்ளே மறைந்துவிட்டாலும், தாய்வழி நயினாதீவிலோ வேலணையிலோ ஒரு தோட்டக்காணியின் பெயரிலே வெளிப்படலாம். உடுவிலிலே கற்ற பெண்கள் பலர் செமினரியிலே கற்ற ஆடவரை மணந்தமையால், அப்பாடசாலைப் பெயர்ப்பட்டியலும் பெண்வழிக்குச் சான்றாகும். நினைவுமலர் எழுதுவோரோ போதகரின் பிரசங்கத் திறனை நான்கு பக்கம் விரித்து, அவர் மனைவியை 'அன்புத் துணைவியார்' என்று ஒரு சொல்லிலே முடித்துவிடுகின்றனர். தேடற்குரிய வாயிலை அவர்களே அடைக்கின்றனர்.

இங்ஙனம் கூறும்போது இரு தடைகள் எழுப்பப்படும் என்பதை அறிவேன். முதலாவது, குடிவரலாறு என்பது சாதிப்பெருமையின் மறுபெயர் என்பது. இத்தடையிலே உண்மை இல்லாமல் இல்லை. சாதிக்கட்டு தேவாலயத்தின் வாயிலிலே நின்றுவிடவில்லை, உள்ளேயும் புகுந்தது. உயர்குடி என்று காட்டுதற்கு உதவும் முன்னோரை மட்டும் எழுதி, உதவாதவரை விடும் வழக்கம் சைவரிடத்தும் உண்டு, கிறிஸ்தவரிடத்தும் உண்டு. ஆனால் இதற்கு மருந்து எழுதாது விடுதலன்று, முழுவதும் எழுதுதலே. பாடசாலை வாயில் தமக்கு அடைக்கப்பட்டிருந்த காலத்திலே மிஷன் பாடசாலையிலே எழுத்தறிந்து, உபதேசியாராகவும் ஆசிரியராகவும் உயர்ந்தவரின் குடும்பக்கதை, எந்த முதலியின் கதைக்கும் தாழ்ந்ததன்று. அக்கதையை வெட்கத்தால் மறைக்கும்படி ஒரு குடும்பத்தை வைத்திருப்பது அக்குடும்பத்தின் குற்றமன்று. நம் சமூகத்தின் குற்றம்.

இரண்டாவது தடை, சமய மாற்றத்தைக் கிளறினால் பழைய பகை மூளும் என்பது. ஆறுமுக நாவலர் காலத்துக் கண்டனப் போர் கூர்மையானது. அப்போரிலே ஒரு வீட்டின் இரு பிள்ளைகள் இரு அணியிலே நின்றமையும் உண்டு. அவ்வெப்பத்திலே ஒருவரையொருவர் ஏட்டினின்றும் நீக்கினர்; அது விளங்கத்தக்கதே. இன்று அவ்வெப்பம் எங்கே உள்ளது? நீக்கிய கோடு மட்டும் நிற்கின்றது. தீவுக்கு வெளியே ஓர் உதாரணம் கூறுவேன். தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1832இல் பிறந்து, மிஷன் கல்வி பெற்று, சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானவர், சைவராக விளங்கியவர். அவர் மகனார் அழகசுந்தரம் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்னும் பெயரோடு கிறிஸ்தவ போதகரானார். அப்போதகரே பிலிப்ஸ் என்பாருடன் சேர்ந்து, தேவார திருவாசகங்களிலே தெரிந்தெடுத்தவற்றை ஆங்கிலமாக்கி 1921இல் வெளியிட்டார். தந்தையை விட்டுவிட்டு மகனை எழுதினால், கிறிஸ்தவ போதகர் ஒருவருக்குத் தேவாரத்திலே அத்துணை ஈடுபாடு எங்ஙனம் வந்தது என்பது விளங்காது. மகனை விட்டுவிட்டுத் தந்தையை எழுதினால், அத்தந்தையின் தமிழ் எங்கே சென்று தங்கிற்று என்பது விளங்காது. சமயம் மாறிய இடத்திலே தமிழ் அறுபட்டிலது என்பதற்கு இவ்வொரு குடும்பமே போதிய சான்று.

கல்வெட்டுப் பாடித்தரும்படி என்னிடம் வருவோர் பலர். சைவ வீட்டார் சிலர், கிறிஸ்தவராகிய பெரியப்பா வழியினரை விட்டுவிடும்படி கேட்பர். கிறிஸ்தவ வீட்டார் சிலர், நினைவுப் பாவிலே பூட்டனாரின் பழம்பெயர் வேண்டாம் என்பர். இரு பெயரையும் ஓரடியிலே அமைத்தற்கு வெண்பாவிலே இடமுண்டு என்று இருவர்க்கும் கூறுவேன். யாப்பு இடந்தந்தாலும் மனம் இடந்தரவேண்டுமே! சிலர் இசைவர், சிலர் வேறொரு புலவரைத் தேடிச் செல்வர். இசைந்த வீடுகளிலே பின்னர் நிகழ்ந்ததைக் கண்டிருக்கின்றேன். அச்சான ஏட்டைப் பார்த்துவிட்டு, இதுகாறும் வீட்டுப்படி மிதியாத உறவினர் பழைய புகைப்படமொன்றைக் கையிலே கொண்டு வருவர்.

இதனை இன்றே செய்யவேண்டும் என்று வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 1990 ஆகஸ்டிலே தீவகம் போர்க்களமானபோது மக்கள் கையிலகப்பட்டதோடு ஓடினர். உறுதிப் பெட்டியை எடுத்தவர் சிலர். குழந்தையை எடுத்தவர் பலர். திரும்பியபோது வீடில்லை, கூரையில்லை, ஏடும் இல்லை. திரும்பாதவரோ கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். நெடுந்தீவார் பலர் அதற்கு முன்னரே வன்னிக் குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தவர். ஏடு அழிந்தபின் எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு ஒன்றே. அந்நினைவுக்குப் படியெடுத்து வைப்பார் இல்லை.

ஆதலின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் சில கூறுவேன். தீவகத்துப் பாடசாலை ஒவ்வொன்றும் தன் ஊரிலே பணியாற்றிய போதகர், உபதேசியார், குருமார் ஆகியோருக்கு ஒரு பெயரேடு தொடங்கலாம். அதிலே பிறப்புப் பெயர், ஞானஸ்நானப் பெயர், தாயின் பெயர், தாயின் ஊர், மனைவியின் பெயர், சீதனக் காணியின் பெயர் என்னும் ஆறு நிரல்கள் போதும். தெரிந்ததை எழுதுக; தெரியாத இடத்தை வெறுமையாக விடுக. சேமக்காலைக் கற்களிலுள்ள எழுத்துக்களை உப்புக்காற்று அரித்து முடிக்குமுன் படியெடுத்துக்கொள்க. வீட்டிலுள்ள பழைய கல்வெட்டுக்களையும் நினைவுமலர்களையும் ஓலைப்பெட்டியினின்றும் வெளியே எடுங்கள். 2005இலே தொடங்கி நம் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிலே திரட்டிவரும் நூலகம் நிறுவனம் இத்தகைய சிறு வெளியீடுகளையும் ஏற்றுப் பேணுகின்றது. சபையார் தம் பழைய பதிவேடுகளைப் பூட்டிவைத்தலிலும், படியெடுக்க இடந்தருதல் அவற்றுக்குப் பாதுகாப்பு. வாழ்வோரின் அந்தரங்கம் காக்கப்படவேண்டும். நூறாண்டுக்கு முற்பட்ட பெயர்களுக்கு அவ்வச்சம் வேண்டியதில்லை.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. உங்கள் ஊரிலே ஒரே முன்னோரின் வழிவந்த சைவ வீடொன்றும் கிறிஸ்தவ வீடொன்றும் இருக்குமாயின், இரண்டிலும் உள்ள மூத்த பெண்மணிகளை ஒரு பிற்பகல் ஒரே திண்ணையிலே இருத்துங்கள். மாணவர் கையிலே கொப்பியும் எழுதுகோலும் இருக்கட்டும். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். அந்த நான்காவது சகோதரரின் பெயர் அங்கேதான் கிடைக்கும். அவர்கள் இருவரும் உள்ளபோதே அது நிகழவேண்டும்.